கிளிப்பிள்ளையும் கவியரங்கும்

பாட்டு யாருக்குரியது என்னும் வினா மிகப் பழமையானது. எழுதியவருக்கா, பண்ணமைத்தவருக்கா, பாடியவருக்கா, கேட்டுத் தம் வாழ்வோடு சேர்த்துக்கொண்டவருக்கா? இலக்கிய வட்டங்களில் இவ்வினா எழும்போது பாடுபவர் பெரும்பாலும் கடைசி வரிசையிலேயே அமர்த்தப்படுகிறார். அவர் நடிப்புத் துறையிலிருந்து வந்தவராகவும் இருந்துவிட்டால் அந்தக் கடைசி இருக்கையும் எளிதில் கிடைப்பதில்லை. பிறர் எழுதிய சொல்லைப் பிறர் அமைத்த மெட்டில் ஒப்பிக்கும் அழகு முகம் என்று அவரை ஒதுக்கிவிடுவது வழக்கம்.

அவ்வாறு ஒதுக்கப்பட்ட ஒருவரின் முதல் இசைத்தொகுப்பு 1988ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்தது. பாடியவர் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி நடிகை கைலி மினோக். அப்போது அவருக்கு வயது 20. தொகுப்பின் பெயரும் 'கைலி' என்பதே. தமிழ்க் காதுக்கு அச்சொல் இடுப்பில் உடுத்தும் துணியைத்தான் முதலில் நினைவூட்டும். ஆயினும் அப்பெயரின் மூலம் வேறு. மேற்கு ஆஸ்திரேலியாவின் தொல்குடியினரான நூங்கார் மக்களின் மொழியில் வளைதடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்ததென்பர். பெயரின் பொருத்தம் பின்னர் விளங்கும். ஓர் எளிய பொழுதுபோக்குப் பொருளாகத் தொடங்கிய அத்தொகுப்பின் கதை, எட்டாண்டுகளுக்குப் பின் இலண்டனில் ஒரு கவிதை மேடையில் எதிர்பாராத திருப்பம் கொண்டது. கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி அதனுள் இருக்கிறது.

சின்னத்திரையின் பெண்

1968 மே 28ஆம் நாள் மெல்போர்ன் நகரில் பிறந்தவர் கைலி மினோக். தந்தை கணக்காளர். தாய் வேல்ஸ் நாட்டில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பாலே நடனக் கலைஞர். குழந்தைப் பருவத்திலேயே தொலைக்காட்சியில் சிறு வேடங்கள் ஏற்றார். எனினும் சிறுவயதில் புகழ்பெற்றவர் அவரல்லர். தங்கை டானி மினோக்தான் பாட்டு நிகழ்ச்சியொன்றின் வழியாக முதலில் அறியப்பட்டவர்.

1986ஆம் ஆண்டு 'நெய்பர்ஸ்' என்னும் தொடரில் சார்லீன் என்ற பாத்திரம் கைலிக்குக் கிடைத்தது. மெல்போர்ன் புறநகர்த் தெரு ஒன்றில் வாழும் சில குடும்பங்களின் அன்றாடக் கதை அத்தொடர். 1985இல் தொடங்கி, முதல் தொலைக்காட்சி நிறுவனம் கைவிட்டதால் 1986இல் வேறொரு நிறுவனத்தில் மறுபிறவி எடுத்தது. சார்லீன் பள்ளிப் படிப்பை முடித்துக் கார் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்கும் பெண். எண்ணெய்க் கறை படிந்த உடையும், பட்டென்று பதில் சொல்லும் வாயும், பக்கத்து வீட்டு இளைஞன் மேல் காதலுமாக வந்த அப்பாத்திரத்தை ஆஸ்திரேலிய இளைஞர்கள் தம்மில் ஒருத்தியாகவே கொண்டனர். 1987 ஜூலையில் ஒளிபரப்பான சார்லீன் திருமணம் நாடு முழுதும் பேசப்பட்டது. 1988இல் ஒரே ஆண்டில் நான்கு லோகி விருதுகளைப் பெற்ற கைலி, அவற்றுள் தலையாய தங்க லோகியைப் பெற்றவர்களில் மிக இளையவராகவும் ஆனார்.

அன்றாடம் மாலையில் வீட்டுக்குள் வந்துபோகும் ஒரு முகத்தின் மேல் மக்கள் கொள்ளும் உரிமை, திரையரங்கில் என்றோ ஒருநாள் காணும் முகத்தின் மேல் கொள்ளும் மயக்கத்தினின்று வேறுபட்டது. முன்னது உறவு; பின்னது வழிபாடு. கைலி பாட வந்தபோது மக்கள் ஒரு பாடகியைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் பாடுவதைக் கேட்டனர். அவர் அடைந்த விரைவான வெற்றிக்கும், அவர்மேல் வீழ்ந்த ஏளனத்துக்கும் இதுவே காரணமாயிற்று.

ஓர் உதவி நிகழ்ச்சி

அவர் பாடகியானது திட்டமிட்டு நடந்ததன்று. மெல்போர்னின் ஃபிட்சுராய் கால்பந்துக் கழகம் பொருள் முடையில் இருந்த காலம். அதற்கு நிதி திரட்ட நடந்த நிகழ்ச்சியில் தொடரின் நடிகர்கள் பங்கேற்றனர். அங்கே நடிகர் ஒருவருடன் இணைந்து ஒரு பாடலைப் பாடிய கைலி, கூட்டத்தின் விருப்பத்துக்கிணங்க 'லோகோமோஷன்' என்ற பழைய பாடலையும் பாடினார். அந்தப் பாட்டே அவரை மஷ்ரூம் ரெகார்ட்ஸ் நிறுவனத்திடம் கொண்டுசேர்த்தது.

அப்பாடலின் வரலாறு தனிச் சுவையுடையது. நியூயார்க்கின் பாடலாசிரியத் தம்பதியரான ஜெர்ரி காஃபின், கேரல் கிங் இருவரும் இயற்றியது அது. 1962இல் முதன்முதலில் அதைப் பாடிப் புகழ்பெற்ற லிட்டில் ஈவா, அத்தம்பதியரின் குழந்தையைப் பார்த்துக்கொண்ட இளம்பெண். புகைவண்டி போல் ஆடும் ஒரு புதிய ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பாடல் அழைக்கிறது. ஆனால் பாடல் எழுதப்பட்டபோது அப்படியோர் ஆட்டமே இருக்கவில்லை. பாட்டு வெற்றிபெற்ற பின், மேடையில் ஆடிக் காட்டுவதற்காக ஈவாவே அதை உருவாக்க வேண்டியதாயிற்று. எழுதியவர்கள் சொல்லை மட்டும் தந்தனர். அச்சொல்லுக்கு உடலைத் தந்தவர் பாடியவர். கைலியின் கதைக்கு இது நல்ல முன்னுரை எனலாம்.

1987ஆம் ஆண்டின் நடுவில் தனி இசைத்தட்டாக வெளிவந்த கைலியின் 'லோகோமோஷன்' ஆஸ்திரேலியாவில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அதன் பின்னரே இலண்டன் பயணம் வாய்த்தது.

நாற்பது நிமிடப் பாட்டு

இலண்டனில் தேம்ஸின் தென்கரையில் பரோ பகுதியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. மைக் ஸ்டாக், மாட் எய்ட்கன், பீட் வாட்டர்மேன் என்ற மூவர் அங்கே பாடல்களை உருவாக்கி வந்தனர். முதல் இருவரும் எழுதுவர், இசைப்பர். மூன்றாமவர் மக்கள் காது எதை விரும்பும் என்று தீர்ப்புச் சொல்வார். 1985 முதல் அடுத்தடுத்து வெற்றிகளைக் குவித்த அக்கூடத்தை, வெற்றிப் பாடல்களின் தொழிற்சாலை என்று பத்திரிகைகள் அழைத்தன. அதில் பாராட்டும் உண்டு, இகழ்ச்சியும் உண்டு. வாட்டர்மேன் அதை மறுக்கவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனம் செய்த வேலையைத்தான் தாமும் செய்வதாக அவர் கருதினார்.

1987இன் பிற்பகுதியில், படப்பிடிப்புக்கு இடையே கிடைத்த சில நாள் விடுப்பில், கைலி இலண்டன் வந்தார். அங்கே நாட்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. ஊர் திரும்பும் நாளும் வந்துவிட்டது. அவர் வருவது நினைவில் இல்லாததால் அவருக்கென ஒரு பாடலும் ஆயத்தமாக இல்லை. அப்பெண் வெளியே காத்திருக்கிறார், இன்றே பாட எண்ணுகிறார் என்று வாட்டர்மேனிடம் சொல்லப்பட்டபோது, அந்த அதிர்ஷ்டம் வேண்டுமே அவருக்கு என்னும் பொருள்பட அவர் ஏதோ சொன்னாராம். அச்சொல்லே பாடலின் தலைப்பானது என்பர். 'ஐ ஷுட் பி சோ லக்கி' என்ற அப்பாடல் ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் எழுதப்பட்டது. கைலி அதை வரிவரியாகக் கேட்டுக் கேட்டே பாடிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார்.

அத்தலைப்பு ஆங்கிலப் பேச்சு வழக்கில் ஒரு கசப்பான கேலி. மேலோட்டமாக நற்பேற்றை வாழ்த்துவது போலிருக்கும். உள்ளே, 'எனக்கேது அந்தக் கொடுப்பினை' என்ற பெருமூச்சு. அழகும் புகழும் உடைய பெண்ணுக்கு எதில் குறை இருக்கக்கூடும், காதலில்தான் இருக்கவேண்டும் என்று தாம் ஊகித்து எழுதியதாக ஸ்டாக் பின்னாளில் கூறியுள்ளார். ஆக, ஒரு பெண்ணை அறியாமலே, அவள் நெஞ்சில் இருக்கக்கூடியதைக் கற்பனை செய்து ஆண்கள் எழுதிய பாட்டு அது. இரவில் தனியே கண்மூடி அவனைக் கற்பனையில் காண்பதும், விழித்தால் வெறுமையுமே அதன் பொருள். மெட்டோ துள்ளி ஓடுவது. 17ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையறிஞர் பாக்கல்பெல்லின் புகழ்பெற்ற 'கானன்' இசையின் சாயல் அதில் உண்டென வாட்டர்மேன் சொன்னதுண்டு.

வெளியீட்டாளர் சிலர் மறுத்தபின் அவர்கள் தம் சொந்த நிறுவனத்தின் வழியாகவே 1987 டிசம்பர் இறுதியில் அதை வெளியிட்டனர். காலமும் கைகொடுத்தது. பிரிட்டனில் 'நெய்பர்ஸ்' 1986 முதல் பகல் நேரத்தில் ஒளிபரப்பாகி வந்தது. பள்ளிப் பிள்ளைகள் பார்க்க இயலவில்லை என்பதை உணர்ந்த பி.பி.சி., 1988 ஜனவரி முதல் வாரத்தில் அதன் மறு ஒளிபரப்பை மாலை 5.35 மணிக்கு மாற்றியது. பிள்ளைகள் வீடு திரும்பி, தேநீர் வேளையில் சார்லீனைக் கண்டனர். வார இறுதியில் கடைக்குச் சென்று கைலியின் இசைத்தட்டை வாங்கினர். பிப்ரவரியில் பாடல் முதலிடத்தை எட்டி ஐந்து வாரங்கள் அங்கேயே நின்றது.

வாங்கியவர்கள் யாருடைய குரலை வாங்கினர்? தொடரின் சார்லீனையா, பாடகி கைலியையா? இந்தக் கேள்விக்கு அன்று யாரிடமும் விடையில்லை.

பத்துப் பாடல்கள்

வெற்றி வந்தபின் இலண்டன்காரர்களுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. காக்க வைத்து அவசரமாகப் பாடவைத்து அனுப்பிய பெண்ணிடம் மீண்டும் செல்ல வேண்டும். மைக் ஸ்டாக் ஆஸ்திரேலியாவுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார். எஞ்சிய பாடல்கள் படப்பிடிப்புக்கு இடைப்பட்ட நேரங்களில் பதிவாயின.

தொகுப்பில் உள்ளவை பத்துப் பாடல்கள். 'லோகோமோஷன்' ஒன்று நீங்கலாக ஒன்பதும் அம்மூவர் இயற்றியவை. கைலி எழுதியது ஒன்றும் இல்லை. இசையில் பெரும்பகுதி மின்னணுக் கருவிகளில் பிறந்தது. தாளம் எந்திரத்தின் தாளம். பாடல்களின் பொருளும் ஒரு சிறு வட்டத்துக்குள் அடங்கும். காதல் உறுதியா, அவன் உண்மையுள்ளவனா, பிரிந்தவனை ஏன் மறக்க முடியவில்லை என்பனவே திரும்பத் திரும்ப வரும். ஒரு பாடலின் தலைப்பு மட்டும் பிரெஞ்சு மொழியில் 'ஏனென்று அறியேன்' என்று நிற்கும். குரல் மெல்லியது, உயர்ந்த சுருதியில் நிற்பது. ஆழமோ அகலமோ உடையதன்று. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். வசனம் பேசிப் பழகிய நாவின் பயன் அது.

பிரிட்டனில் தொகுப்பு முதலிடம் பெற்றது. அன்றுவரை அவ்விடத்தை எட்டிய தனிப் பாடகியருள் மிக இளையவர் கைலியே. 1988ஆம் ஆண்டில் அந்நாட்டில் மிகுதியாக விற்பனையான தொகுப்பும் அதுவே. ஆஸ்திரேலியாவில் இரண்டாம் இடம். அமெரிக்காவில் தொகுப்பு பெருவெற்றி பெறவில்லையெனினும், 'லோகோமோஷன்' அங்கே மூன்றாம் இடம்வரை ஏறியது. அதே ஆண்டின் நடுவில் கைலி தொடரைவிட்டு வெளியேறினார். பிரிட்டன் ஒளிபரப்பு ஓராண்டுக்கு மேல் பின்தங்கி நடந்ததால், அவர் விலகிய பிறகும் சார்லீன் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தாள். 1988 நவம்பரில் அவள் திருமணத்தைப் பிரிட்டனில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் கண்டனர். பாத்திரத்தை விட்டு விலகியவரைப் பாத்திரம் விடாது பின்தொடர்ந்த விந்தை இது.

கிளிப்பிள்ளை என்ற ஏளனம்

மக்கள் கொண்டாடிய அளவுக்குத் திறனாய்வாளர் சினந்தனர். பத்திரிகைகள் அவருக்குச் சூட்டிய பட்டம் 'பாடும் பட்ஜி'. பட்ஜி என்பது ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட, கூண்டில் வளர்க்கும் சிறு கிளி. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று தமிழில் வழங்கும் வசையும் ஏறத்தாழ அதுவே.

இவ்வசையில் உண்மை அறவே இல்லையென்று சொல்வதற்கில்லை. பிறர் ஊட்டியதைத்தான் அவர் பாடினார். ஆனால் அதே காலத்தில் அதே கூடத்தில் பிறர் எழுதியதைப் பாடிய ஆண் பாடகர்களும் இருந்தனர். அவர்களையும் எள்ளினர், ஆனால் பறவையாக்கவில்லை. ஏளனத்தின் கூர்மை அவர் இளம்பெண் என்பதாலும், தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தவர் என்பதாலும், அவரை விரும்பியவர்கள் பெரும்பாலும் சிறுமியர் என்பதாலும் கூடியது. சிறுமியர் விரும்புவது உயர்ந்ததாக இருக்க முடியாது என்பது எழுதப்படாத விதியாக இருந்தது.

அகத்திணை மரபை அறிந்தவர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழும். அகப்பாடலில் புலவன் தன் பெயரால் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று என்று பாத்திரங்களே பேசும். தலைவியின் ஏக்கத்தைச் சொன்ன புலவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். அந்தச் சொல் தலைவியுடையதா, புலவனுடையதா என்று எவரும் வழக்காடியதில்லை. கூற்றுக்கு உரியவளாகக் கேட்போர் நெஞ்சில் ஒருத்தி எழுந்துவிட்டால் பாட்டு நிறைந்தது என்பதே அம்மரபின் தீர்ப்பு. அம்மூவர் எழுதியவையும் ஒருவகைத் தலைவி கூற்றுகளே. அவற்றுக்கு ஒரு தலைவி வேண்டியிருந்தாள். நடிகை ஒருவர் அங்கே வந்தது விபத்தாயினும் பொருத்தமான விபத்து. கிளியும் தமிழ் மரபில் இழிந்த பறவையன்று. தூது இலக்கியத்தில் சொன்னதைச் சொல்லும் ஆற்றலுக்காகவே கிளி தேர்ந்தெடுக்கப்படுகிறது. செய்தி அதனுடையதன்று, ஆனால் அது பேசினாலன்றிச் செய்தி சேராது.

இருப்பினும் கைலி அந்த நிலையில் அமைதி கொள்ளவில்லை. 1990இல் வெளிவந்த மூன்றாம் தொகுப்பில் சில பாடல்களில் எழுத்திலும் பங்கேற்றார். 1992இல் அம்மூவரின் நிறுவனத்தைவிட்டு விலகினார். தம் முதல் பாடல்களைக் குறித்து அவருக்கே கூச்சம் இருந்த காலம் அது. புதிய பாடல்களால் பழைய பட்டத்தை அழித்துவிட முயன்றார். பட்டம் அழியவில்லை.

கேவ் எழுதிய கொலைப் பாட்டு

மாற்றம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. நிக் கேவ் கைலியைப் போலவே ஆஸ்திரேலியர். விக்டோரியா மாநிலத்திலேயே பிறந்தவர். ஆனால் இருண்ட பாடல்களின் ஆசிரியர். விவிலியத்தின் சங்கீதங்களிலும் கொலைக்கதைப் பாடல்களிலும் தோய்ந்த நடை அவருடையது. இத்தகையவர் பல ஆண்டுகளாகக் கைலிக்கென ஒரு பாட்டெழுத விரும்பியிருந்தார்.

1995இல் அது நிறைவேறியது. 'வேர் தி வைல்ட் ரோசஸ் க்ரோ' என்ற அப்பாடல் பழைய நாட்டார் கொலைப்பாடல் ஒன்றைத் தழுவியது. காதலனால் ஆற்றங்கரையில் கொல்லப்பட்ட பெண்ணும் கொன்றவனும் மாறி மாறிப் பேசுகின்றனர். பெண்ணின் கூற்று கைலிக்கு. அவர் குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. முதல் தொகுப்பில் ஆழமற்றது என்று இகழப்பட்ட அதே மென்குரல் இங்கே இறந்தவளின் குரலாக ஒலித்தது. தன்னைக் கொன்றவனை இன்னும் நம்புகிற பேதைமை அக்குரலில் இருந்தமையால் கேட்பவர் நடுங்கினர். 1996இல் ஆஸ்திரேலிய இசைத்துறையின் ஏரியா விருதுகளில் ஆண்டின் சிறந்த பாடல் விருது அதற்குக் கிடைத்தது.

குரல் மாறவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. மாறியது கூற்றும் அதைச் சூழ்ந்த அமைதியும். குறை என்று எண்ணப்பட்டது குறையன்று, இடம் வாய்க்காத ஒரு குணம் என்பது அப்போது தெரிந்தது.

ஆல்பர்ட் மண்டபத்தில் ஓர் ஒப்புவிப்பு

இலண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹால் கவிதை வரலாற்றில் தனியிடம் பெற்றது. 1965 ஜூன் மாதம் அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் முதலியோர் அங்கே ஆயிரக்கணக்கானோர் முன் கவிதை படித்தனர். அந்நிகழ்ச்சியில் பங்குகொண்ட பிரிட்டானியக் கவிஞர் மைக்கேல் ஹோரோவிட்ஸ் 1980 முதல் 'கவிதை ஒலிம்பிக்ஸ்' என்ற பெயரில் கவியரங்குகளை நடத்தி வந்தார். 1996 ஜூலையில் அவ்வரங்கு ஆல்பர்ட் மண்டபத்தில் கூடியது.

நிக் கேவ் கைலிக்கு ஒரு யோசனை சொன்னார். அங்கே சென்று, 'ஐ ஷுட் பி சோ லக்கி'யின் சொற்களைப் பாடாமல் கவிதையாகப் படிக்க வேண்டும் என்பதே அது. எதை மறைக்க முயன்றாரோ அதையே, மெட்டும் தாளமும் களைந்து, கவிஞர்கள் நடுவே நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கைலி இசைந்தார், அலங்காரமின்றி எளிய உடையில் மேடையேறி அச்சொற்களைப் படித்தார்.

தாளம் நின்றதும் பாட்டின் பொருள் வெளிப்பட்டது. எட்டாண்டுகளாகத் துள்ளலான இசைக்குள் ஒளிந்திருந்த ஏக்கம் தனியே நின்றது. கிடைக்காத ஒன்றைக் கண்மூடிக் காண்பவளின் பேச்சு அது என்று கேட்டவர்க்குப் புலப்பட்டது. திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நடனத்துக்கான தாளமாக அல்ல, தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் முணுமுணுப்பாகக் கேட்டன. மெய்ப்பாட்டின் மொழியில் சொன்னால், உவகையாக நின்றது இளிவரலாக மாறிற்று. சொல்லில் ஓரெழுத்தும் மாறவில்லை.

தம் கடந்த காலத்தோடு தாம் சமாதானம் செய்துகொண்ட தருணமாக அந்நாளைக் கைலி பின்னர் கருதினார். அதன்பின் அப்பாட்டை அவர் மறைக்கவில்லை. 1998ஆம் ஆண்டு இசைப் பயணத்தில் அதையே மெதுவான சோகப்பாட்டாகப் பாடினார். 2012இல் இலண்டன் ஆபி ரோடு கூடத்தில் பதிவான தொகுப்பிலும் நரம்பிசையின் துணையுடன் அது இடம்பெற்றது.

கேவ் அத்துடன் நிற்கவில்லை. 1998இல் வியன்னாவின் கவிதைப் பள்ளியிலும், 1999இல் இலண்டனிலும் காதற்பாட்டின் மறைபொருள் பற்றி உரையாற்றினார். ஸ்பானியக் கவிஞர் லோர்காவையும் விவிலியச் சங்கீதங்களையும் எடுத்துப் பேசிய அவ்வுரையில், கைலியின் 1990ஆம் ஆண்டுப் பாடலான 'பெட்டர் தி டெவில் யூ நோ'வையும் ஆராய்ந்தார். தன்னை வருத்துபவனிடமே மீண்டும் சரணடையும் ஒருத்தியின் கொடிய கூற்று அது என்றும், பாடுபவரின் குற்றமறியாத குரலே அக்கொடுமையை மிகுவிக்கிறது என்றும் விளக்கினார். அதை எழுதியவர்களும் அந்த இலண்டன் மூவரே. அவர்கள் அப்பொருளை அறிந்து எழுதினரா என்பது வேறு. எழுதியவர் அறியாததையும் சொல் தன்னுள் வைத்திருக்கக்கூடும் என்பது கவிஞர்களுக்குப் புதிய செய்தியன்று.

1997இல் வெளிவந்த 'இம்பாசிபிள் பிரின்சஸ்' தொகுப்பின் பாடல்கள் அனைத்திலும் கைலி எழுத்தில் பங்கேற்றார். தலைப்பு ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான பில்லி சைல்டிஷின் கவிதை நூலொன்றின் பெயரிலிருந்து எடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் இளவரசி டயானா விபத்தில் மறைந்ததால், பிரிட்டனில் அத்தலைப்பை விலக்கிப் பாடகியின் பெயராலேயே தொகுப்பை வெளியிட்டனர். விற்பனை மந்தமாயிருந்தது. தாமே எழுதிய சொற்களுக்கு அன்று மக்களிடம் பெரிய வரவேற்பில்லை. 2001இல் அவரை மீண்டும் உலகெங்கும் கொண்டுசென்ற பாடலோ பிறர் எழுதியது. ஆகவே, பிறர் சொல்லிலிருந்து விடுபட்டுத் தன் சொல்லை அடைந்து வென்றார் என்ற நேர்கோட்டுக் கதையாக இதைச் சொல்ல இயலாது. அவர் அடைந்தது வேறொன்று. பிறர் சொல்லையும் தமதாக்கிச் சொல்லும் உரிமை அது. நடிகை ஒருவரின் கலைக்கு அதைவிடப் பெரிய பேறு இருக்க முடியாது.

திரும்பி வந்த வளைதடி

2005ஆம் ஆண்டு மே மாதம் கைலிக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவ்வாண்டு இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் பாட ஒப்புக்கொண்டிருந்தவர் விலக நேர்ந்தது. சிகிச்சை பெற்று மறு ஆண்டே மேடைக்குத் திரும்பினார். கிளாஸ்டன்பரி மட்டும் 14 ஆண்டுகள் காத்திருந்தது. 2019 ஜூன் 30ஆம் நாள் அவ்விழாவின் பெருங்கூட்டத்தின் முன் அவர் பாடினார். நடுவே நிக் கேவ் மேடையேறினார். இருவரும் அந்தக் கொலைப்பாட்டைப் பாடினர். அதே மேடையில், அதே வேளையில், நாற்பது நிமிடத்தில் எழுதப்பட்ட அந்த முதல் பாட்டும் ஒலித்தது. 1988இல் சிறுமியராக அதை வாங்கியவர்கள் நடுவயதை எட்டியிருந்தனர். அவர்களுக்கு அது இப்போது இழந்த இளமையின் பாட்டு.

முதல் தொகுப்பை மேன்மையான கவிதை என்று நிறுவ வேண்டியதில்லை. அதன் பத்துப் பாடல்களில் பல இன்று வெறும் காலத்தின் தடயமாகவே நிற்கின்றன. எந்திரத் தாளம் பழையதாகிவிட்டது. சொற்களில் வறுமை உண்டு. இவற்றை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அத்தொகுப்பை இகழ்ந்தவர்கள் ஒன்றைக் காணத் தவறினர். அவர்கள் இசையைக் கேட்டு முகத்தைப் பார்த்தனர், சொல்லைக் கேட்கவில்லை. சொல்லைக் கேட்க வேண்டுமாயின் ஒருமுறை தாளத்தை நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் கவிஞர் ஒருவர். அதற்குத் துணிந்தவர், கிளிப்பிள்ளை என்று இகழப்பட்ட அந்த நடிகை.

பாட்டுக்கும் கவிதைக்கும் இடையே வேலி எழுப்பும் பழக்கம் தமிழ்க் கவிஞர்களிடமும் உண்டு. மெட்டுக்கு எழுதியவன் கவிஞனா என்று கேட்போர் இன்றும் உளர். பிறர் எழுதியதைப் பாடியவரிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணுவோர் அவர்களினும் மிகுதி. ஆல்பர்ட் மண்டபத்தின் அந்த மாலை அவர்கள் நினைவில் வைக்கத்தக்கது.

தென்பாண்டி நாட்டு வளரியைப் போன்றது ஆஸ்திரேலியரின் வளைதடி. எறிபவன் அதை மறந்து நிற்கலாம். சிலவகைத் தடி சுற்றி வந்து எறிந்த இடத்தையே அடையும். 1987இல் இலண்டனில் அவசரத்தில் எறியப்பட்ட சொற்கள் ஒன்பது ஆண்டுகளுக்குள் அந்நகருக்கே திரும்பி வந்தன, இம்முறை கவிஞர்களின் நடுவே. நாற்பது நிமிடத்தில் எழுதியவர்களுக்கு அவற்றின் எடை அன்று தெரிந்திருக்க நியாயமில்லை. சுமந்து சென்றவருக்குத் தெரிந்தது.